நான்காவது தொலைநோக்கி

ஜனவரி 2, வெள்ளி

முப்பத்தொரு வருடமாக லென்ஸ் விற்றுப் பிழைப்பவன் தொலைநோக்கி வாங்கினால் லென்ஸ் வைத்ததைத்தான் வாங்க வேண்டும். குழியாடி வைத்ததை வாங்குவது, ஓட்டல் முதலாளி எதிர் ஓட்டலில் போய்ச் சாப்பிடுவதைப் போன்றது. எங்கள் உடுமலைப்பேட்டையில் அப்படிச் சாப்பிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

இந்தக் கொள்கையின்படி நான்கு அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்று இன்று லாரி ஆபீசிலிருந்து வந்து இறங்கியது. முன்பக்கம் மூன்று லென்ஸ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கத்தான் மூன்று. எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் முப்பது பேர் சேர்ந்து செய்ய முடியாத காரியம் இது.

இந்த மாதம் வியாழன் பூமிக்கு மிக அருகில் வருகிறது. அதன் மேலுள்ள பெரிய சிவப்புப் புள்ளியை, பூமியையே விழுங்கக்கூடிய அந்தப் புயலை, என் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு படம் எடுக்க வேண்டும். வரிசை முக்கியம். கண்ணால் பார்க்காததைப் படம் எடுப்பவர்கள் கல்யாண மண்டபங்களில் நிறைய இருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது என் மனைவி சாரதாமணி வந்து நின்றாள்.

“ஏனுங் மாமா, இதுல பாத்தா என்னுங் தெரியும்?”

“வியாழன்.”

“அது எங்கீங் ஓடிப் போகுது? ஒரு வாய் சாப்ட்டுட்டுப் பாருங்.”

கூட வந்த கையேட்டின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் படிக்கக் கண்ணாடி வேண்டாத கண்ணாடிக்கடைக்காரன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு வருடம் முன்புவரை எனக்கும் தேவைப்பட்டது. தானாகவே சரியாகிவிட்டது. கீரை காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினோம். அடியில் ஒரு சீப்பு, இரண்டு கோலிக்குண்டு, ஒரு தவளை. தவளை உயிரோடு இருந்தது.

எட்டு மணிக்கு மொட்டைமாடியில் முதல் பார்வை. வியாழன் பிரகாசமாக இருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே பிரகாசம். சப்பரத்தில் சீரியல் லைட் கட்டிய சாமி மாதிரி சுற்றிலும் ஒரு புகைவட்டம். பட்டைகள் தெரியவில்லை. புள்ளியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. வியாழனுக்கு அருகில் நான்கு நிலாக்கள் தெரியும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. எனக்கு ஏழு தெரிந்தது. கொடுத்த காசுக்கு மேலேயே தொலைநோக்கி வேலை செய்கிறது.

சாரதாமணியும் பார்த்தாள். “அழகா உருண்டையா இருக்குதுங். குறுக்கால ரெண்டு கோடு. பக்கத்துல பொடுசா நாலு புள்ளி.”

“நாலா?”

“நாலுதானுங்.”

அவளுக்குப் பயிற்சி போதாது.

ஜனவரி 7, புதன்

பனி. புகைவட்டத்துக்குக் காரணம் அதுதான். லென்ஸைக் குறை சொல்லக் கூடாது.

ஜனவரி 9, வெள்ளி

இன்று பனி இல்லை. புகைவட்டம் இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

டாக்டர் கனகவல்லி வந்தார். மாட்டு டாக்டர். பகலில் சினை பார்ப்பார், பொழுது சாய்ந்தால் வானம் பார்ப்பார். ஆறு அங்குலக் குழியாடித் தொலைநோக்கி ஒன்றைத் தன் கையாலேயே செய்தவர். ஆகையால் லென்ஸ்காரர்கள்மேல் அவருக்கு ஒரு பரிதாபம் உண்டு. எனக்குக் குழியாடிக்காரர்கள்மேல் உண்டு. பதினைந்து வருடச் சிநேகம் இந்தப் பரஸ்பரப் பரிதாபத்தில்தான் நிற்கிறது.

என் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“அண்ணா, அருமையா இருக்குதுங்ணா!”

“புகைவட்டம்?”

“எங்கீங்ணா?”

மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கண் வைக்கும் இடத்தில் தன் கேமராவைப் பொருத்தி இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தார். அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் காற்றில் ஆடாதவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தருகிற வேலையை லேப்டாப் செய்தது. ஆறு பட்டைகள், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, நான்கு நிலாக்கள். மீதி மூன்று நிலாக்களைக் கேமரா கோட்டைவிட்டதை நான் சுட்டிக்காட்டவில்லை.

“டாக்டர், இது கம்ப்யூட்டர் வரைஞ்சது.”

“கம்ப்யூட்டருக்கு வியாழன் எப்பிடி இருக்கும்னு தெரியாதுங்ணா.”

“யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

முடிவாக ஓர் ஏற்பாடு. என் லென்ஸ் தொலைநோக்கி அவரிடம், அவருடைய குழியாடி என்னிடம். ஒரு மாதம் மாற்றிப் பார்ப்பது. “இது சரியில்லாத சரக்கு, தெரிஞ்சேதான் வாங்கறீங்க” என்று சாட்சி வைத்துச் சொன்னேன். சாட்சி சாரதாமணி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நோம்பி. ஒறம்பரை என்று வந்த விருந்தாளிகள் ஒன்பது பேர். வியாழக்கிழமை அன்று வியாழனைப் பார்க்க நேரமில்லை. நாளை மாட்டுப் பொங்கல் என்பதால் டாக்டருக்கும் ஓய்வில்லை. மாடுகள் சர்க்கரைப் பொங்கலை அளவோடு தின்பதில்லை என்கிறார். ஒறம்பரையும் அப்படித்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

குழியாடித் தொலைநோக்கியின் குறைகளைப் பாரபட்சமின்றிக் குறித்து வைக்கிறேன். வெந்நீர் பாய்லர் அளவுக் குழாய். அடியில் ஒரு பெரிய குழியாடி, மேலே சாய்ந்த ஒரு சின்ன ஆடி. வெளிச்சம் உள்ளே போய், அடியில் மோதி, திரும்பி வந்து, பக்கவாட்டில் வெளியேறுகிறது. சர்க்கார் ஆபீசில் மனு போகும் வழி. சின்ன ஆடி நட்டநடுவில் நின்று வருகிற வெளிச்சத்தை மறைப்பதால் கான்ட்ராஸ்ட் குறையும் என்பது ஊரறிந்த விஷயம். இரண்டு ஆடிகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும்படி திருகாணிகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் திருப்பினேன்.

புகைவட்டம் அப்படியே. நிலாக்கள் எட்டு.

எதையும் சந்தேகத்துக்கு விடுபவன் அல்ல நான். கடைக்கு இறங்கிப் போய் என் கண்ணையே பரிசோதித்தேன். இருபதடி தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். கடைசி வரியில் ஒரு பிழை இல்லை. மறு கண்ணிலும் அப்படியே. ஆறுக்கு ஆறு. ஆக, கண் சரி. குறை வடிவமைப்பில் இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

தையற்காரர் ராக்கியப்பன் போன வாரம் வாங்கிய கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“ஏனப்பா மயிலு, இதப் போட்டா தச்ச தையல் சாஞ்சு தெரியுது. தைக்கக் குடுத்த காலேஜ் பொண்ணு ஒண்ணோட ஜாக்கெட்டு ஒரு கையி முழங்கை வரைக்கும், ஒரு கையி தோளோட. அது என்னை உட்டுட்டுப் போகுமா?”

“இப்ப அதுதான் ஃபேஷன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். அவங்காத்தா வந்துட்டா.”

லென்ஸின் அச்சைக் குறிக்கும் மைப்புள்ளிகளை மறுபடி வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ராக்கியப்பன் பேசும்போது தலையை இடப்பக்கம் சாய்ப்பவர். அதுதான். இந்த மாதம் இப்படித் திரும்பி வருவது நான்காவது கண்ணாடி. ஊரே தலையைச் சாய்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஜனவரி 24, சனி

கோயம்புத்தூரில் தெரிந்த கடையிலிருந்து மூன்றாவது வகையைச் சோதனைக்கு வாங்கி வந்தேன். முன்னால் லென்ஸ், பின்னால் குழியாடி. கூட்டணி ஆட்சி. குட்டையாக, டிபன் கேரியர் மாதிரி, தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்கிறது. கோள்களுக்கு இதுவே சிறந்தது என்று கடைக்காரர் சொன்னார். முந்திய இரண்டு வகைகளையும் விற்பவர்கள் அதையே சொல்லக்கூடியவர்கள்தான்.

பொழுதோடு டாக்டர் வந்தார். நான் குனிந்து பார்க்கும்போது அவர் டார்ச்சை என் முகத்துக்கு நேராக அடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன டாக்டர்?”

“ஒண்ணுமில்லீங்ணா. எங்கிட்ட ஒரு பொமரேனியன் வருதுங். பதிமூணு வயசு. வூட்ல யார் வந்தாலும் கரெக்டா வாலாட்டும். கண்ணு தெரியுதுன்னுதான் அந்த வூட்டுக்காரங்க நெனச்சுட்டு இருந்தாங்க. ஒரு நா சோபாவ இடம் மாத்திப் போட்டாங்க. நேராப் போயி முட்டிருச்சு.”

“ஐயோ பாவம்.”

“ஆமாங்ணா” என்று சொல்லிவிட்டு டாக்டர் சாரதாமணியைப் பார்த்தார். சாரதாமணி காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த துணியையே திரும்பக் காயப் போட்டாள்.

கூட்டணியிலும் புகைவட்டம். உற்பத்தியாளர்கள் எல்லோரும் ஒரே தொழிற்சாலையில் கண்ணாடி வாங்குகிறார்களோ என்னவோ.

ஜனவரி 28, புதன்

சாலை முழுக்கப் பழநிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசம் நெருங்குகிறது. கறுப்புக் கண்ணாடிகள் விற்றன.

கண் பரிசோதனைக்கு மூன்று பேர். மூவரும் கடைசி வரியைத் தப்பாக வாசித்தார்கள்.

ஜனவரி 29, வியாழன்

ஐந்து பேர். ஐவருக்கும் கடைசி வரி வரவில்லை. மூவருக்கு அதற்கு மேல் வரியும் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, ‘ட’ இருக்க வேண்டிய இடத்தில் மிகுந்த தன்னம்பிக்கையோடு ‘ச’ என்றாள். செல்போன். எல்லோருக்கும் பவர் எழுதிக் கொடுத்தேன். லென்ஸ் வெட்டும் லேபுக்கு எழுதி அனுப்புவது சாரதாமணியின் பொறுப்பு.

ஜனவரி 30, வெள்ளி

மூன்று பேர். மூன்றும் தவறு. மூன்று நாளில் பதினொரு பேர். ஓர் ஊரின் பார்வை இவ்வளவு வேகமாகக் கெட்டு நான் பார்த்ததில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

ஜனவரி 31, சனி

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. டாக்டர் வந்தார், கையில் மருந்துப் பெட்டியோடு. சாரதாமணி காபி கொண்டுவந்தாள். தற்செயலாக இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

“மூணு தொலைநோக்கியும் சரியில்லைங்கறீங்க. கண்ணு ஒரு வேளை…” என்று தொடங்கினார் டாக்டர்.

நான் சிரித்தேன். அத்தாட்சி இருக்கும்போது விவாதம் எதற்கு? நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வலது கண்ணை டாக்டரே தன் கையால் மூடினார். மேல் வரிகளை விட்டு நேராகக் கடைசி வரிக்கு வந்தேன்.

“ட, ர, ப, வ, ங, ம, க.”

மூச்சு விடாமல் சொன்னேன். வெளியே “அரோகரா” சத்தம்.

“மாமா” என்றாள் சாரதாமணி. “அந்தப் பலகைய நான் செவ்வாக்கெழமையே மாத்திட்டனுங்.”

“எந்தப் பலகையை?”

“இப்ப நீங்க பாத்துட்டு இருக்கறதை.”

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “இதுல ‘ட’வே இல்லீங்ணா.”

முப்பத்தொரு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து பேர் வாசித்துக் கேட்ட வரி. அதை வாசிக்க எனக்குக் கண் தேவைப்படவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

“சாரதா, அந்தப் பதினொரு பேரு?”

“அவிங்க எல்லாம் செரியாத்தானுங் படிச்சாங்க.”

“நான் பவர் எழுதிக் கொடுத்தேனே!”

“நான் லேபுக்கு அனுப்பலீங். டிராயர்ல இருக்குது.”

டிராயரைத் திறந்து பார்த்தேன். பதினொரு சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு.

டாக்டர் டார்ச்சை எடுத்தார். “புரைங்ணா. ரெண்டு கண்ணுலயும். வலதுல முத்தியே போச்சு. புரை உள்ளுக்குள்ள கெட்டியானா பக்கத்துல இருக்கறது கொஞ்ச நாளைக்கு நல்லாத் தெரியும். கண்ணாடி இல்லாமப் படிக்கறேன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தீங்களே, அதேதான். நான் மாட்டு டாக்டரு. நீங்க மனுச டாக்டர்கிட்டக் காட்டோணும்.”

இத்தனை நேரமும் உட்காராமல் நின்றிருந்ததுபோல் சாரதாமணி இப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

“ஊருக்கே கண்ணு பாக்கற கடைங் இது. நம்ம பேரை நம்பித்தான் ராக்கியப்பண்ணன் ஊசில நூலு கோக்கறாரு. கடைய மூடறதா, கண்ணத் தொறக்கறதா, நீங்களே சொல்லுங் மாமா.”

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். எழுதுவதற்கு எதுவுமில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

எழுத்துப் பலகைகளின் அச்சுத் தரம் இப்போதெல்லாம் குறைந்துவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

கடை வாசலில் ‘கண் பரிசோதனை தற்காலிகமாக இல்லை’ என்று சாரதாமணி எழுதி மாட்டியிருக்கிறாள். பெரிய எழுத்தில். நானும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

கோயம்புத்தூர் கண் மருத்துவர் மாட்டு டாக்டர் சொன்னதையே சொன்னார், பொமரேனியன் இல்லாமல். முதலில் வலது கண், பிறகு இடது கண்.

இந்த அறுவை சிகிச்சைக்கு நான் இதுவரை நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பியிருக்கிறேன். அவர்களிடம் ஒரு சின்னப் பேச்சு பேசுவேன். நன்றாகவே பேசுவேன் என்று சொல்லிக்கொள்வார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சாரதாமணி அதை எனக்கே பேசிக் காட்டினாள், என் குரலிலேயே: “பத்து நிமிசந்தான் பாத்துக்கங்க. எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. பயப்படறதுக்கு இது என்ன பல்லா?”

அந்தப் பேச்சில் ஆறுதல் எதுவுமே இல்லை. இத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு எப்படிப் போனார்கள்?

பிப்ரவரி 11, புதன்

நாளை அறுவை. மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கப்போகும் லென்ஸ் தூரத்துக்குக் குவிய வேண்டுமா, பக்கத்துக்கா? பக்கத்துக்கு என்றால் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். தூரத்துக்கு என்றால் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். “கடையில உட்கார்ற வேலை, பக்கத்துக்கே வச்சுக்கலாமே” என்றார்.

“எவ்வளவு தூரம் வரைக்கும் வைக்கலாம்?”

“எவ்வளவு தூரம் வேணும்?”

“அறுபத்தைந்து கோடி கிலோமீட்டர்.”

மருத்துவர் சாரதாமணியைப் பார்த்தார். அவள், “வியாழனுங்க. எழுதிக்கங்க” என்றாள்.

பிப்ரவரி 12, வியாழன்

பத்து நிமிடம் இல்லை. பதினான்கு. பேச்சைத் திருத்த வேண்டும். எறும்பு விஷயம் உண்மைதான்.

(நான் சொல்ல, சாரதாமணி எழுதியது. எறும்புக்கு முன்னால அழுதாருங்க, அதைச் சொல்ல மாட்டேங்கறாரு.)

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். கண்டவை:

சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் இது என்பதை மறந்திருந்தேன். வெளியே வந்தால் வானம் யாரோ அப்போதுதான் நீலம் போட்டு அலசியதுபோல. வீட்டுக்கு வந்து, மஞ்சள் என்று நான் நினைத்திருந்த கடைச் சுவரும் வெள்ளைதான் என்று தெரிந்துகொண்டேன். ஃப்ரேம் அலமாரிகளில் ஒரு விரற்கடைத் தூசி. மின்விசிறியைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

சாரதாமணியின் தலையில் நரை நிறைய. “எப்ப வந்துச்சு இது?” என்றேன்.

“நீங்க கீரை தின்ன ஆரமிச்சப்பங்” என்றாள்.

பிறகு நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இந்த முறை ஆடியின்மேல் குற்றம் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

வாசல் அட்டையை எடுத்துவிட்டோம். ராக்கியப்பனுக்குப் புதிதாகப் பரிசோதித்து, புதிதாக மைப்புள்ளி வைத்து, புதிய கண்ணாடி. அச்சு எட்டு டிகிரி தப்பியிருந்தது. தலை சாயவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“உடு மயிலு. அந்தப் பொண்ணு இப்ப அடுத்த ஜாக்கெட்டுக்கும் கைய அதே மாதிரி ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா வேணும்னு கேக்குது. காலேஜ்ல எல்லாரும் கேட்டாங்களாம்.”

மார்ச் 8, ஞாயிறு

சிவப்புப் புள்ளி இன்று ஏழே முக்காலுக்கு நேராக வரும் என்று டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். ஏழு மணிக்கே மொட்டைமாடியில் மூன்று தொலைநோக்கிகளும் வரிசையாக நின்றன: லென்ஸ், குழியாடி, கூட்டணி. வியாழன் தலைக்கு மேலே. கொஞ்சம் காற்று. துணிகளை முன்னதாகவே எடுத்தாயிற்று.

முதலில் லென்ஸில் வலது கண்ணை வைத்தேன்.

புகைவட்டம் இல்லை. உருண்டை. குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள், சாரதாமணி ஜனவரி நான்காம் தேதியே பார்த்துச் சொன்னவை. கீழ்ப்பட்டையின் ஓரத்தைக் கடித்ததுபோல் ஒரு பள்ளம்; அந்தப் பள்ளத்தில், செங்கல்லைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு வைத்ததுபோல், வெளுத்த சிவப்பில் அந்தப் புள்ளி. படத்தில் இருந்த அளவு சிவப்பு இல்லை. படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

வெகுநேரம் நகரவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“எப்பிடிங்ணா?”

“பரவாயில்லை” என்றேன். கண் வைக்கும் இடத்தைத் துடைத்தேன், ஈரமாக இருந்தது. பனி.

குழியாடியில் பார்த்தேன். அதிலும் அருமை. கூட்டணியிலும் அருமை. இடது கண்ணை வைத்துப் பார்த்தேன்: மூன்றிலும் புகை. ஆக, இரண்டு மாதமாக மூன்று நல்ல தொலைநோக்கிகள்மேல் நான் எழுதிய குற்றப்பத்திரிகைகள் அனைத்தும் தள்ளுபடி.

அதன்பின் கேமராவைப் பொருத்தி, புள்ளியைப் படம் எடுத்தேன். வரிசை மாறவில்லை.

இனி எந்த வடிவமைப்பை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. என் லென்ஸ் தொலைநோக்கியைத் திருப்பிக் கேட்டேன்.

“சரியில்லாத சரக்குன்னு சாட்சி வச்சுக் குடுத்தீங்கண்ணா. நானும் தெரிஞ்சேதான் வாங்குனேன்” என்றார் டாக்டர்.

சாட்சியைப் பார்த்தேன். சாட்சி தலையாட்டியது.

சரி. நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்தாயிற்று. நான்காவது ஒன்று இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் விட்டம். குழாய் வேண்டாம், தாங்கி வேண்டாம், பனி படியாது, திருகாணி திருப்ப வேண்டாம், நடுவில் மறைப்பு இல்லை. குவியம் முடிவிலியில். நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தபடி, லென்ஸ் வைத்தது, என் வலது கண்ணுக்குள்ளேயே. அதன் முன்னால் குழியாடி உட்பட எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

கீழே வந்து, படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்தேன். ஜனவரி நான்கில் ‘ஏழு நிலாக்கள்’ என்றிருந்ததை அடிக்கப் பேனாவை எடுத்தேன். சாரதாமணி பின்னாலிருந்து கையைப் பிடித்தாள்.

“அதை எதுக்குங் அடிக்கறீங்? ஏழுன்னு படிச்ச அன்னிக்குத்தானுங் எனக்கு முதல்ல சந்தேகமே வந்துச்சு. எட்டுன்னு எழுதுனதும் வேற எழுத்துப் போட்ட பலகைக்குச் சொல்லி உட்டேன்.”

இந்த நோட்டை அவள் வாசிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இதையும் வாசிப்பாள்.

இடது கண்ணுக்கு ஏப்ரல் பதினாறு. வியாழக்கிழமை. நீயே குறித்த தேதி, சாரதா. வருகிறேன். அழ மாட்டேன்.